டவுன்லோட் பண்ணின பாட்டு வேற பிளேயர்ல ஓட மாட்டேங்குது, மெதுவா ஆப்பை விட்டு வெளிய வர வழி சொல்லுங்க

செந்தூரம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. பல வருஷமா ஒரு பாட்டு ஆப்புக்கு மாசாமாசம் காசு கட்டிட்டு வர்றேன். ஆப் பேரு வேணாம், எல்லாத்துலயும் இதே நிலைமைதான்னு தோணுது. ராஜா, ரகுமான், அப்பாவுக்காக எம்எஸ்வி காலத்துப் பாட்டுன்னு பாத்துப் பாத்து பிளேலிஸ்ட் போட்டு, எல்லாத்தையும் போன்லயே டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன். வீட்டுல கார்ல எல்லா இடத்துலயும் அதான் ஓடும்.

போன மாசம் தனியா ஒரு மியூசிக் பிளேயர் வாங்கினேன், எஸ்டி கார்டு போட்டு வயர் ஹெட்போன்ல கேக்குற டைப். போன்ல இருக்கிறத அப்படியே கார்டுக்கு காப்பி பண்ணிடலாம்னு உக்காந்தா பாட்டு ஃபைலே கண்ணுல சிக்கல, ஆப்போட ஃபோல்டருக்குள்ள போய் தேடிப் பாத்தா பாட்டு பேரு எதுவும் இல்லாம வெறும் எழுத்தும் நம்பருமா நீளநீளமா ஃபைல் இருக்கு, அதுல நாலஞ்சு எடுத்து பிளேயர்ல போட்டா எடுக்கவே இல்ல, கம்ப்யூட்டர்ல விஎல்சில போட்டாலும் சத்தமே வரல.

இன்னொண்ணு, என் லிஸ்ட்ல நல்லா ஓடிட்டிருந்த சில பழைய பாட்டு திடீர்னு சாம்பல் கலராயிடுச்சு, அமுக்கினா ஓடாது. ஏன்னு எங்கயும் போடல.

என் கேள்வி இதான். டவுன்லோட் பண்ணினத வெளிய எடுக்க நேர்மையான வழி ஏதாவது இருக்கா? நெட்ல "கன்வெர்ட்டர்"னு நிறைய வருதே, அத நம்பலாமா, சட்டப்படி தப்பா? காசு குடுத்தே வாங்கணும்னா எங்க வாங்கினா நாளைக்கு பிளேயர் மாத்தினாலும் பாட்டு கூட வரும்? திருட்டு எம்பி3 சைட் எதுவும் சொல்லாதீங்க, அது வேணாம்.

கம்பிவடம்:

செந்தூரம், உங்க பிளேயர்ல ஒரு கோளாறும் இல்ல, மாத்திக் கேக்க கடைக்குப் போயிடாதீங்க. அந்த ஃபைலுக்குள்ள இருக்கிறது பாட்டுதான், ஆனா என்க்ரிப்ட் பண்ணி, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி கலைச்சு வெச்சிருக்காங்க. அத திறக்கிற சாவி ஃபைலோட வராது, ஆப் கிட்ட தனியா இருக்கும். அந்தச் சாவியும் உங்க அக்கவுன்ட்டுக்கும் அந்த ஒரு போனுக்கும் சேத்துக் கட்டினது. ஃபைலை எங்க தூக்கிட்டுப் போனாலும் சாவி இல்லாததால அது வெறும் குப்பை பைட்தான், எக்ஸ்டென்ஷனை எம்பி3ன்னு மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது. இதுக்குப் பேருதான் டிஆர்எம்.

ஆப்ல இருக்கிற "டவுன்லோட்" பட்டன் பாட்டை உங்களுக்குக் குடுக்கிறது இல்ல, நெட் இல்லாத நேரத்துல ஓட்டிக்க அனுமதி, அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபைய எடுத்துக்கோங்க, டவுன்லோட் பண்ணியிருந்தாலும் 30 நாளைக்கு ஒரு தடவையாவது போன் நெட்டுக்கு வந்து தலையைக் காட்டணும், சந்தா உசுரோட இருக்கான்னு அது பாத்துக்கும். சந்தா நின்னா பாட்டும் நின்னுடும்.

கன்வெர்ட்டர் விஷயம். பாதி சைட் உங்க பாட்டை தொடவே தொடாது, பேரை வெச்சு யூட்யூப்ல தேடி அங்கிருந்து ஆடியோவ உருவித் தரும், நீங்க காசு கட்டின குவாலிட்டி அதுல இருக்காது. மீதில பல ப்ரோகிராம் உங்க லாகின் பாஸ்வேர்டை கேக்கும். தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க.

கம்ப்யூட்டர்ல ஆப்பிளோட மியூசிக் ஆப், இல்லேன்னா பழைய ஐட்யூன்ஸ் வெச்சிருக்கிறவங்க ஒண்ணு பண்ணிப் பாருங்க. பாட்டு மேல ரைட் கிளிக் பண்ணி "கெட் இன்ஃபோ" போய் ஃபைல் டேப்ல "கைண்ட்"ங்கிற வரியப் படிங்க. "பர்ச்சேஸ்டு ஏஏசி"ன்னு இருந்தா (ஏஏசிங்கிறது எம்பி3 மாதிரி ஒரு ஆடியோ ஃபார்மட்) அதுல பூட்டில்ல, உங்க பிளேயர் எதுக்கு வேணா காப்பி பண்ணிக்கலாம். "ப்ரொடெக்டட்"னோ "ஆப்பிள் மியூசிக் ஏஏசி"ன்னோ இருந்தா பூட்டு இருக்கு. பக்கத்துப் பக்கத்துல ஒரே ஆல்பத்துலயே ரெண்டு விதமும் கலந்து கிடக்கும், வெளிய இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது.

பழைய டேப்ரெக்கார்டர்:

தம்பி செந்தூரம், இந்த சண்டை புதுசில்ல. 2003ல நான் நியூஜெர்சில வேலைல இருந்தேன், ஆரம்பத்துல இருந்து கூடவே இருந்து பாத்தவன்ங்கிறதால சொல்றேன்.

2003 ஏப்ரல் 28ம் தேதி ஆப்பிள் ஐட்யூன்ஸ் மியூசிக் ஸ்டோரை தொறந்துச்சு. பாட்டுக்கு 99 சென்ட், 128 கேபிபிஎஸ் ஏஏசி, அதுக்கு மேல ஃபேர்பிளேன்னு ஒரு பூட்டு. ஃபைல் பேரு கடைசில எம்4பி ன்னு முடியும். ஐபாட் எத்தன வேணா வெச்சுக்கலாம், கம்ப்யூட்டர் மொதல்ல மூணு, அடுத்த வருஷம் அஞ்சாக்கினாங்க. ஆனா வேற கம்பெனி பிளேயர் ஒண்ணுல கூட ஓடாது. அந்தக் காலத்துல கிரியேட்டிவ், ஐரிவர், சாண்டிஸ்க்னு நல்ல நல்ல பிளேயரெல்லாம் இருந்துச்சு, பாட்டு வாங்கி வெச்சவன் அந்தப் பக்கம் திரும்பவே முடியாது. கடைல குக்கர் வாங்குறீங்க, இந்த குக்கரை எங்க கம்பெனி அடுப்புல மட்டும்தான் வைக்கணும்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

ரியல் நெட்வொர்க்ஸ்னு ஒரு கம்பெனி (ரியல்பிளேயர் ஞாபகம் இருக்கும்) 2004 ஜூலைல ஹார்மனின்னு ஒண்ணு கொண்டுவந்தான். அவன் கடைல வாங்கின பாட்டும் ஐபாட்ல ஓடுற மாதிரி ஃபேர்பிளே மாதிரியே ஒரு பூட்டை அவனே செஞ்சு போட்டான். ஆப்பிள் இத ஹேக்கர் வேலைன்னு கண்டிச்சு அறிக்கை விட்டுச்சு, அந்த வருஷக் கடைசிக்குள்ள ஐபாட் சாஃப்ட்வேர் அப்டேட்ல அது வேலை செய்யாம போச்சு. பின்னாடி இதெல்லாம் சேந்து ஐபாட் வாங்கினவங்க போட்ட கேஸ் பத்து வருஷம் இழுத்து 2014 டிசம்பர்ல ஓக்லாந்து கோர்ட்ல ஜூரி முன்னாடி போச்சு, ஆப்பிள் பக்கம்தான் தீர்ப்பாச்சு.

மைக்ரோசாஃப்ட் பக்கம் நல்லா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. 2004ல "ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்"னு ஒரு முத்திரை கொண்டுவந்தாங்க, இந்த முத்திரை இருக்கிற பிளேயர்ல இந்த முத்திரை இருக்கிற கடைப் பாட்டு கண்டிப்பா ஓடும்னு வாக்குறுதி. 2006 நவம்பர்ல மைக்ரோசாஃப்டே சொந்தமா சூன் பிளேயரை விட்டுச்சு பாருங்க, அதுல அவங்களோட அந்த முத்திரைப் பாட்டே ஓடல! சொந்தக் கடையான எம்எஸ்என் மியூசிக்ல விக்கிறதையும் அதே மாசம் நிறுத்திட்டாங்க. 2008 ஏப்ரல்ல அந்தக் கடை கஸ்டமருக்கெல்லாம் மெயில் வந்துச்சு, ஆகஸ்ட் 31க்கு அப்புறம் சாவி குடுக்கிற சர்வர் இருக்காது, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் மாத்தினாலோ விண்டோஸ் புதுசா போட்டாலோ வாங்கின பாட்டு திறக்காதுன்னு. ஜனங்க கொதிச்சுப் போய் கத்தினதும் 2011 கடைசி வரைக்கும் ஓட்டுறோம்னு இறங்கி வந்தாங்க. அதே 2008 செப்டம்பர்ல யாஹூ மியூசிக் சாவி சர்வரையும் மூடினாங்க. காசு குடுத்து வாங்கினவனுக்குத்தான் இந்தக் கதியெல்லாம், திருட்டுத்தனமா எடுத்த எம்பி3க்கு இந்த சாவித் தொந்தரவு எதுவும் வரல. இத நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

மூடிப்போன ஒரு கடைல (இதுல எதுவும் இல்ல, வேற) நான் வாங்கினதெல்லாம் ஆடியோ சிடியா எரிச்சு வெச்சதால தப்பிச்சுது. அந்த வழி ஐட்யூன்ஸ்லயும் இருந்துச்சு, ஒரு பிளேலிஸ்ட்டை ஏழு தடவை சிடி எரிக்கலாம், எரிச்ச சிடிய திரும்ப எம்பி3 ஆக்கினா பூட்டு போயிடும். ஏற்கனவே அமுக்கின ஆடியோவ மறுபடி அமுக்குறதால சிம்பல் சத்தம், வயலின் மேல் ஸ்தாயி எல்லாம் கொஞ்சம் மங்கிடும், ஆனா பாட்டு நம்மளோடது.

இது மாறினது எப்படின்னும் சொல்லிடறேன். 2007 பிப்ரவரி 6ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள் சைட்லயே ஒரு கடிதம் போட்டாரு. 2006ல பூட்டுப் போட்டு ஆன்லைன்ல வித்த பாட்டு 200 கோடிக்கும் கம்மி, அதே வருஷம் அதே மியூசிக் கம்பெனிங்க சிடில பூட்டே இல்லாம வித்த பாட்டு 2000 கோடிக்கு மேல, அப்புறம் எதுக்கு இந்தப் பூட்டுன்னு கேட்டாரு. நார்வே மாதிரி ஐரோப்பிய நாடுகள்ல நுகர்வோர் அமைப்புங்க ஃபேர்பிளே மேல புகார் குடுத்து நெருக்கிட்டிருந்த நேரம் அது, அதையும் சேத்துத்தான் இந்தக் கடிதத்தப் பாக்கணும். ஏப்ரல்ல இஎம்ஐங்கிற மியூசிக் கம்பெனி ஒத்துக்குச்சு, மே மாசம் பூட்டில்லாம 256 கேபிபிஎஸ்ல 1.29 டாலருக்கு விக்க ஆரம்பிச்சாங்க. செப்டம்பர்ல அமேசான் பூட்டே இல்லாத எம்பி3 கடை போட்டான், 2008 ஜனவரிக்குள்ள நாலு பெரிய மியூசிக் கம்பெனியும் அங்க வந்துட்டாங்க. 2009 ஜனவரி 6ம் தேதி ஆப்பிளும் முழுசா பூட்டை எடுக்கிறதா அறிவிச்சுச்சு. ஏற்கனவே வாங்கினவங்க பாட்டுக்கு 30 சென்ட் கட்டி மாத்திக்கலாம்னாங்க. நம்ம பாட்டுக்கு நாமளே மீட்புப் பணம் கட்டின மாதிரி, எனக்கு அது இன்னும் சரின்னு படல.

அத்தனை பேரு கத்திக் கூப்பாடு போட்டு எடுத்த பூட்டு, சந்தா ஆப் வந்ததும் சத்தமில்லாம திரும்ப வந்துடுச்சு தம்பி. உங்க போன்ல இப்ப இருக்கிறது அதான்.

கடற்கரை ரயில்:

எல்லாரும் ஒரே பக்கமா பேசுறீங்க, நான் வேற மாதிரி சொல்றேன். சந்தாவுக்கு மாசம் நான் கட்டுறது ஒரு சிடி விலை கூட இல்ல, அதுக்கு உலகத்துல உள்ள பாட்டெல்லாம் கேக்குறேன். என் பொண்ணு கொரியன் கேக்குறா, அம்மா சீர்காழி கேக்குறாங்க, எல்லாம் ஒரே ஆப். வாங்கி வெச்சுக்கிறதுன்னா இத்தன பாட்டுக்கு நான் சொத்த விக்கணும். பூட்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அது வாடகைன்னு தெரிஞ்சுதான் கட்டுறேன். பாடினவங்களுக்கும் ஏதோ கொஞ்சம் போகுது, திருட்டு சைட்ல அதுவும் போகாது. செந்தூரத்துக்கும் ஆப்பை முழுசா விடச் சொல்ல மாட்டேன்.

கம்பிவடம்:

@கடற்கரை ரயில் வாடகைன்னு தெரிஞ்சு கட்டுறது வேற விஷயம், அதுல நான் தப்பு சொல்லல. புதுப்பாட்டு தேடிக் கேக்க நானும் ஆப்தான் வெச்சிருக்கேன். ஆனா "டவுன்லோட்", "மை லைப்ரரி"ன்னு பேரு வெச்சா ஜனங்க அத சொந்தம்னுதானே எடுத்துக்குவாங்க.

செந்தூரம் கேட்ட சாம்பல் கலர் விஷயத்துக்கும் இதான் பதில். பாட்டு உரிமை வெச்சிருக்கிற கம்பெனிக்கும் ஆப்புக்கும் ஒப்பந்தம் முறிஞ்சா ராத்திரியோட ராத்திரியா பாட்டு போயிடும். 2019ல நடந்ததே, ஸ்பாட்டிஃபை பிப்ரவரில இந்தியாவுக்கு வந்துச்சு, ஏப்ரல்ல சரிகம கம்பெனி டெல்லி ஹைகோர்ட் போனதும் அவங்க பாட்டையெல்லாம் ஸ்பாட்டிஃபை எடுத்துடுச்சு. சரிகமன்னா பழைய எச்எம்வி, நம்ம அப்பா அம்மா காலத்து சினிமாப் பாட்டுல பெரும்பகுதி அவங்க கைலதான். 2020 மே மாசம் ஒப்பந்தம் ஆனதுக்கப்புறம்தான் திரும்ப வந்துச்சு. நடுவுல ஒரு வருஷம், சந்தா கட்டினவங்க கட்டிட்டேதான் இருந்தாங்க. உங்க பாட்டுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், இல்லேன்னா பழைய பதிவை எடுத்துட்டு, ஒலியத் திருத்தி ரீமாஸ்டர்னு வேற ஐடில ஏத்தியிருப்பாங்க. பேரை வெச்சு மறுபடி தேடிப் பாருங்க, கிடைக்கும்.

நெய்தல்மகள்:

சட்டம் பத்தி கேட்டதால வர்றேன். நான் சட்டம் படிச்சவ, ஆனா இத உங்க தனிப்பட்ட கேஸுக்கு ஆலோசனையா எடுத்துக்க வேணாம், படிச்சுப் பாக்க வழி காட்டுறேன் அவ்வளவுதான்.

இந்தியாவுல பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துக்கு 2012ல திருத்தம் வந்தப்ப 65ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. உரிமையை மீறணும்ங்கிற நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. கவனிங்க, "மீறணும்ங்கிற நோக்கத்தோட". அடுத்த வரிலயே, இந்தச் சட்டம் வெளிப்படையா தடை பண்ணாத ஒரு காரியத்துக்காக உடைச்சா இது பொருந்தாதுன்னு விலக்கும் இருக்கு. அப்படி உடைக்க இன்னொருத்தருக்கு உதவி பண்றவங்க அவரோட பேரு, விலாசம், எதுக்காகங்கிற விவரம் எல்லாம் எழுதி வெச்சிருக்கணும்னு ஒரு நிபந்தனையும் போட்டிருக்காங்க. 52வது பிரிவுல சொந்த உபயோகத்துக்கு நியாயமா பயன்படுத்துறத மீறலா எடுத்துக்க மாட்டாங்க.

அமெரிக்கால இதவிட ரொம்ப கறார். 1998ல வந்த டிஎம்சிஏ சட்டத்துல 1201வது பிரிவுப்படி பூட்டை உடைக்கிறதே தனியா ஒரு சட்ட மீறல், விலக்கு வேணும்னா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மனு போட்டு வாங்கணும். நம்ம சட்டத்தை எழுதினவங்க அந்த அளவுக்குப் போகாம நிறுத்தினது எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம், நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

ஆனா செந்தூரம், உங்க விஷயம் சொந்தமா வாங்கின பாட்டு இல்ல, சந்தால வந்தது. சேரும்போது ஒத்துக்கிட்ட நிபந்தனைல இத பண்ண மாட்டேன்னு எழுதியிருக்கும், அது ஒப்பந்தம். சந்தா முடிஞ்சதுக்கப்புறமும் காப்பியை வெச்சிருக்கிறது "நியாயமான உபயோகம்"னு வாதாடுறது கஷ்டம். அதனால அந்த வழி வேணாம்னுதான் நான் சொல்வேன். உங்களுக்குப் பிடிச்சத மட்டும் பூட்டில்லாம வாங்கிடுங்க, எந்தப் பயமும் இல்ல.

செந்தூரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டேப்ரெக்கார்டர் அண்ணே, நீங்க எழுதினத வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நெய்தல்மகள் அக்கா சொன்னபடி கன்வெர்ட்டர் பக்கம் போகல. அப்ப வாங்குறதுன்னா எங்க, எந்த ஃபார்மட்? வீட்டுப் பரண்ல அப்பாவோட ஆடியோ சிடி ரெண்டு பெட்டி இருக்கு, அது உபயோகப்படுமா? சிடிலயும் பூட்டு இருக்கும்னு ஒருத்தர் பயமுறுத்தினாரு.

கம்பிவடம்:

ரெண்டு பெட்டியா! வேற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அத இறக்குங்க. சாதாரண ஆடியோ சிடில பூட்டே கிடையாது, 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஆடியோ அப்படியே திறந்து கிடக்கும். அவர் சொன்னது 2005 சோனி பிஎம்ஜி விவகாரமா இருக்கும். அமெரிக்கால அவங்க வித்த சில ஆல்பத்த விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போட்டா என்னன்னு சொல்லாமலே ஒரு சாஃப்ட்வேர் உள்ள இறங்கி, டாலர் குறியில ஆரம்பிக்கிற ஒரு பேரு வெச்ச ஃபைல் எதுவா இருந்தாலும் மறைச்சிடும், வைரஸ்காரங்க அந்தப் பேரை வெச்சே ஒளிஞ்சுக்க ஆரம்பிச்சாங்க. மார்க் ருசினோவிச்ங்கிற விண்டோஸ் நிபுணர் கண்டுபிடிச்சு எழுதினதும் சோனி அந்த சிடியெல்லாம் திரும்ப வாங்கிக்க வேண்டியதாப் போச்சு. உங்க அப்பா சிடி தமிழ்ப் பாட்டுதானே, அந்தக் கவலை வேணாம்.

பத்து இருபது வருஷ சிடின்னா மொதல்ல மெல்லிய துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. விண்டோஸ்னா எக்ஸாக்ட் ஆடியோ காப்பி (ஈஏசி)ங்கிற ப்ரோகிராம் போட்டு செக்யூர் மோடுல எடுங்க, கீறல் விழுந்த இடத்தத் திரும்பத் திரும்பப் படிச்சு சரிபாக்கும், நேரம் ஆகும், விட்டுடுங்க அது பாட்டுக்கு ஓடட்டும். ஃப்ளாக் ஃபார்மட்ல சேவ் பண்ணுங்க. அஞ்சு நிமிஷப் பாட்டு சுமார் 30 எம்பி வரும், 256 கேபிபிஎஸ் ஏஏசின்னா பத்து எம்பிக்குள்ள. ஃப்ளாக் யாருக்கும் கட்டுப்படாத ஃபார்மட், ஒரு துளி கூட இழக்காது, நாளைக்கு எம்பி3 வேணும்னா அதுல இருந்து செஞ்சுக்கலாம். ஒரு சிடில 150 பாட்டுன்னு போட்டிருந்தா அது ஏற்கனவே எம்பி3 சிடி, அத அப்படியே காப்பி பண்ணினா போதும்.

சிடில இல்லாததுக்கு ஐட்யூன்ஸ் ஸ்டோர். 2012 டிசம்பர்ல இருந்து இந்தியாவுல இருக்கு, அங்க விலைக்கு வாங்கினா பூட்டு கிடையாது, எம்4ஏ ஃபைல், உங்க பிளேயர் எடுக்கும். மாசச் சந்தா பட்டனை அமுக்கிடாதீங்க, அது வேற. இன்னொண்ணு, அதுல வாங்கின ஃபைலுக்குள்ள உங்க பேரும் அக்கவுன்ட் மெயில் ஐடியும் பதிஞ்சு வரும், அதனால வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. சினிமா அல்லாத தனிப் பாட்டுக்காரங்க, இன்டிபென்டன்ட் பேண்டுன்னா பேண்ட்கேம்ப் பாருங்க, ஒரு தடவை காசு கட்டினா ஃப்ளாக், எம்பி3 எது வேணா எடுத்துக்கலாம்.

எங்க வாங்கினாலும் அன்னைக்கே ஃபைலை இறக்கி ரெண்டு இடத்துல வெச்சுடுங்க. ஃப்ளிப்கார்ட் 2012ல ஃப்ளைட்னு பாட்டுக் கடை நடத்துச்சு, பூட்டில்லாத எம்பி3தான் வித்தாங்க, 2013 ஜூன்ல மூடினாங்க. மூடுறதுக்கு முன்னாடி இறக்கிக்க டைம் குடுத்தாங்க, இறக்கி வெச்சவங்களுக்கு இன்னைக்கும் ஓடுது.

நெய்தல்மகள்:

ஆப்ல இருக்கிற பிளேலிஸ்ட்டயும் தொலைச்சுடாதீங்க. சவுண்டிஸ் மாதிரி சைட்ல குடுத்தா லிஸ்ட்ட எக்செல்ல திறக்கிற மாதிரி ஃபைலா எடுக்கலாம், பாட்டு வராது, பேரு, படம், பாடினவங்க விவரம் மட்டும் வரும். வாங்க வேண்டிய லிஸ்ட் அதுவே. வேற ஆப்புக்கு மாத்துறவங்க மாத்தினதுக்கப்புறம் தமிழ்ப் பாட்டை ஒவ்வொண்ணா சரிபாருங்க, ஆங்கில எழுத்துல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி பேரு அடிச்சிருக்கிறதால ஒரிஜினலுக்கு பதிலா யாரோ பாடின கவர் வந்து உக்காந்திருக்கும். எங்க அம்மா லிஸ்ட்ல பி.சுசீலா பாட்டு பாதி கீபோர்டு இசையா மாறிப் போயிருந்துச்சு.

பழைய டேப்ரெக்கார்டர்:

டேக் போடறதப் பத்தி, அதாவது ஃபைலுக்குள்ள பாட்டு விவரம் எழுதறதப் பத்தி ஒண்ணு. சிடி எடுக்கும்போது பாட்டு பேரு நெட்ல இருந்து தானா வரும், ஆனா தமிழ் சிடிக்கு பாதி வராது, வந்தாலும் "ட்ராக் 01"ன்னு வரும். எம்பி3டேக்னு இலவச ப்ரோகிராம் இருக்கு, சிடி அட்டையப் பாத்து அடிச்சுடுங்க தம்பி. இசையமைச்சவர், பாட்டு எழுதினவர், வருஷம் மூணும் கண்டிப்பா போடுங்க, ஆப்புங்க பாட்டு எழுதினவர மேலாப்புல காட்டுறதே இல்ல. கண்ணதாசனா வாலியான்னு அப்பாவக் கேட்டாலே சொல்லிடுவாரு, அவரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க. ஃபைல் பேரு மட்டும் ஆங்கில எழுத்துல இருக்கட்டும், சில கார் ஸ்டீரியோ தமிழ் எழுத்தக் கட்டம் கட்டமா காட்டும்.

செந்தூரம்:

பெட்டிய இறக்கிட்டேன். மேல இருந்ததெல்லாம் ஆடியோ சிடி, அடில கொஞ்சம் எம்பி3 சிடி. ஈஏசி போட்டாச்சு, மொத சிடி ஓடிட்டிருக்கு. கம்பிவடம், ஏழாவது பாட்டுல "ரீட் எரர்"னு செவப்புல வந்து ரொம்ப நேரமா அங்கயே நிக்குது, விட்டுடவா இல்ல நிறுத்தட்டுமா?

கம்பிவடம்:

நிறுத்தி, சிடிய வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. பளபள பக்கம் கீறல்னா வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க, ஒரு டிரைவ் படிக்காதத இன்னொண்ணு படிக்கும். பழைய டெஸ்க்டாப்ல இருக்கிற டிரைவ் லேப்டாப் டிரைவவிட நல்லா படிக்குறத பாத்திருக்கேன். லேபிள் பக்கம் ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் உள்ள வந்தா அந்த இடத்துல பதிவே போயிடுச்சு, அந்த ஒரு பாட்டை மட்டும் ஸ்டோர்ல வாங்கிக்கோங்க. மீதிய எடுத்துட்டு, ஈஏசி என்ன நடந்துச்சுன்னு எழுதி வெக்கிற லாக் ஃபைலை இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.